அச்சமும் பல்வலியும்

உலகில் உயிர்கள் அனைத்திற்கும் இயற்கை அளித்துள்ள காவல்களுள் அச்சமும் ஒன்று. மானுக்குக் காலின் விரைவும் ஆமைக்கு ஓட்டின் உறுதியும் எவ்வாறு காவலாக அமைந்துள்ளனவோ, அவ்வாறே மனிதனுக்கு அச்சம் காவலாக அமைந்துள்ளது. தீயைக் கண்டு கையை விலக்குகிறோம். பாம்பைக் கண்டு ஒதுங்கி நடக்கிறோம். ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் களங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காம் எனக் கூறிப் போந்தார். இவற்றுள் பின்னைய மூன்றும் கண்ணுக்குப் புலனாவன. அணங்கோ கண்ணுக்குப் புலனாகாது நின்று வருத்துவது. கண்ட பகையினும் காணாப் பகைக்கே மனித மனம் மிகுதியும் நடுங்கும். 2020ஆம் ஆண்டில் உலகை வருத்திய கொரோனா வைரசு அத்தகைய காணாப் பகையாகவே வந்தது.

அச்சம் காவல் என்றோம். எனினும், அளவிற்கு உட்பட்டவரையில்தான் அது காவல். அளவு கடந்தபோது அதுவே பகையாக மாறிவிடும். வேலி பயிரைக் காக்கும். ஆனால், அவ்வேலி வளர்ந்து நிலமெங்கும் படர்ந்துவிடின் பயிர்க்கு இடமேது? ஆகவே, காக்கும் அச்சம் இது, கெடுக்கும் அச்சம் இது எனப் பகுத்தறிதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்குப் பெருந்தொற்றுக் காலத்துப் பல் மருத்துவமனையைப்போல வேறோர் இடம் கிடைப்பது அரிது. அங்கு நிகழ்ந்தவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பல் மருத்துவரிடம் செல்வதற்கு அஞ்சுதல் புதிதன்று. காய்ச்சலுக்கு மருந்து கேட்கத் தயங்காதவரும், சொத்தைப் பல்லைக் காட்டத் தயங்குவர். சாய்ந்த நாற்காலியில் வாயைத் திறந்தவாறு படுத்திருத்தல், பேச இயலாமை, கருவி சுழலும் ஓசை, ஊசியைப் பற்றிய எண்ணம் ஆகியவை ஒன்றுகூடி மனத்தைக் கலக்கும். இவ்வச்சத்தை அளந்தறிய வேண்டி அமெரிக்க நாட்டு அறிஞர் நார்மன் கோரா என்பார் 1969ஆம் ஆண்டில் நான்கு வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். 1995ஆம் ஆண்டில் ஊசி மருந்தைப் பற்றிய வினா ஒன்றும் சேர்க்கப்பெற்று, அது ஐந்து வினாக்கள் உடையதாயிற்று. நாளை பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று எண்ணும்போது நுமக்கு எவ்வாறு இருக்கிறது என்பதுபோல அவ்வினாக்கள் அமைந்திருக்கும். மருத்துவமனைக்குச் செல்லுமுன்னரே, வீட்டில் அமர்ந்திருக்கும்போதே அச்சம் தொடங்கிவிடுகிறது என்பதை இதனால் உணரலாம்.

இப்பழைய அச்சத்தின்மேல் புதிய அச்சம் ஒன்று வந்து சேர்ந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் சீன நாட்டின் ஊகான் நகரில் தோன்றிய கோவிட்-19 என்னும் நோய் விரைந்து பரவியது. 2020ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், கேரளத்தில் இந்தியாவின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச்சு 11ஆம் நாள், உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோயைப் பெருந்தொற்று எனக் கூறியது. மார்ச்சு 25ஆம் நாள் முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நிலவியது. தெருக்கள் வெறிச்சோடின, பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் முகத்தை மறைத்து, ஒருவரையொருவர் நெருங்காது விலகி நின்றனர்.

எல்லா இடங்களிலும் முகக்கவசம் அணிக என்று கூறப்பட்ட அக்காலத்தில், அதனைக் கழற்றிவிட்டு வாயைத் திறக்க வேண்டிய இடமாகப் பல் மருத்துவமனை இருந்தது. நோயாளியின் முகத்திற்கும் மருத்துவரின் முகத்திற்கும் இடையே ஒரு முழ இடைவெளியேனும் இராது. மேலும், பல்லைக் குடையும் கருவி காற்றின் விசையால் நிமிடத்திற்கு 3 இலட்சம் முறைக்கு மேலும் சுழலவல்லது. அவ்வளவு விரைவாகச் சுழலுங்கால் எழும் வெப்பம் பல்லின் உயிர்ப்பகுதியைக் கெடுத்துவிடும் ஆதலின், அதனைத் தணிக்க நீர் பீச்சப்படுகிறது. அந்நீர் கருவியில் மோதிப் புகைபோன்ற நுண்துளிகளாக அறையெங்கும் பரவும். நோய் நுண்துளிகளால் பரவுவது என்று அறிந்த மக்கள், இவ்வறையைக் கண்டு அஞ்சியதில் வியப்பொன்றும் இல்லை. பல் மருத்துவரும் அஞ்சினர். அவர்தம் உதவியாளரும் அஞ்சினர்.

அரசுகளும் அந்நாளில் எச்சரிக்கையுடனேயே நடந்துகொண்டன. 2020 மார்ச்சு 16ஆம் நாள், அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், உடனடித் தேவை இல்லாத மருத்துவங்களைத் தள்ளிவைக்குமாறு தம் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் மார்ச்சு 25ஆம் நாள் முதல் வழக்கமான பல் மருத்துவம் நிறுத்தப்பட்டது. சூன் 8ஆம் நாளே மீண்டும் தொடங்கிற்று. இந்திய நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகம் மே 19ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகளில், நோய் மிகுந்த பகுதிகளில் மருத்துவமனைகளை மூடிவைக்கவும், பிற பகுதிகளில் அவசர மருத்துவம் மட்டும் செய்யவும் கூறியது. இவையெல்லாம் காக்கும் அச்சத்தின் செயல்கள். நோயின் இயல்பு இன்னதெனத் தெளிவாக அறியப்படாத காலத்தில், பொறுத்துச் செய்யத் தக்கவற்றைப் பொறுத்துச் செய்தல் அறிவுடைமையே ஆகும்.

ஆனால், கதவுகள் திறக்கப்பட்ட பின்னரும் மக்களுள் பலர் வரத் தயங்கினர். இங்குத்தான் காக்கும் அச்சம் கெடுக்கும் அச்சமாக மாறத் தலைப்படுகிறது. தம் உடலில் தோன்றும் சிறு மாறுதலையும் கொடிய நோயின் அறிகுறியாகக் கொண்டு ஓயாது கலங்குவதை உளநூலார் உடல்நலக் கவலை என்பர். இக்கவலை மிகுந்தவர் இருவேறு வழிகளில் நடப்பர். ஒரு சாரார், மருத்துவரை அணுகினால் என்ன கூறிவிடுவாரோ, அங்கு எந்நோய் ஒட்டிக்கொள்ளுமோ என அஞ்சி, மருத்துவமனையின் பக்கமே திரும்பார். மற்றொரு சாரார், நாள்தோறும் கண்ணாடியின் முன் நின்று நாவையும் ஈற்றையும் பார்த்துப் பார்த்து, கண்டாரையெல்லாம் கேட்டுக் கேட்டு மனம் நைவர். முன்னவர் வேண்டும்பொழுதும் செல்லார். பின்னவர் வேண்டாதபொழுதும் அமைதி கொள்ளார். வேறுபட்டவைபோலத் தோன்றினும், இவ்விரண்டிற்கும் வேர் ஒன்றே.

செல்லாதிருத்தலால் விளையும் தீங்கை எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்குவோம். கடைவாய்ப் பல்லில் சிறு சொத்தை உடைய ஒருவரை எண்ணிக்கொள்க. பல்லின் மேற்புறம் எனாமல் என்னும் மிக வலிய பொருளால் ஆயது. அதில் நரம்பு இல்லை. ஆதலின், சொத்தை அதனை அரிக்கும்போது வலி தோன்றாது. அதன் உள்ளே உள்ளது தந்தினி என்னும் பகுதி. சொத்தை அதனை எட்டியதும், குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம் தோன்றும். அதற்கும் உள்ளே குருதிக் குழாய்களும் நரம்புகளும் பொருந்திய பற்கூழ் உள்ளது. சொத்தை அங்குச் சென்றதும் இரவில் உறங்கவொட்டாத வலி எழும். வலியில்லாத நிலையில் சென்றிருப்பின், சிறிது நேரத்தில் குழியை அடைத்து அனுப்பியிருப்பர். கூச்சம் தோன்றிய நிலையில் சென்றிருப்பினும் பெரும்பாலும் பல்லைக் காத்திருக்கலாம். ஆனால் அவரோ, நோய் ஓயட்டும் பின்னர்ச் செல்வோம் என்று கிராம்பு எண்ணெயைத் தடவிக்கொண்டு காலம் கடத்துகிறார்.

ஒருநாள் வலி திடீரென நின்றுவிடுகிறது. அவர் மகிழ்கிறார். வலி நின்றது நோய் நீங்கியதால் அன்று; பல்லின் நரம்பு இறந்துபட்டதால் என்பதை அவர் அறியார். இறந்த பற்கூழில் பெருகிய கிருமிகள் வேரின் வழியே இறங்கித் தாடை எலும்பில் சீழ் கட்டுகின்றன. கீழ்க் கடைவாய்ப் பற்களில் தோன்றும் இத்தகைய சீழ், சிலபோது நாவின் அடிப்புறத்திலும் கழுத்திலும் பரவி, மூச்சு வழியையே அடைத்துவிடக்கூடும். இந்நிலையை 1836ஆம் ஆண்டில் செருமானிய மருத்துவர் லுட்விக் என்பார் விளக்கி எழுதினார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. உரிய காலத்தில் மருத்துவம் செய்யாவிடின் அஃது உயிர்க்கே இறுதியாகும். தொற்றுக்கு அஞ்சி வீட்டில் இருந்தவர், வேறொரு தொற்றால் உயிரிழக்கும் நிலைக்கு ஆளாதல் எத்துணைக் கொடுமை!

பல்லைக் குறித்த அச்சம் ஒரு சுழல்போன்றது என்பதும் இதனால் விளங்கும். அஞ்சுவதால் காலம் தாழ்க்கிறோம். காலம் தாழ்ப்பதால் நோய் முற்றுகிறது. நோய் முற்றுவதால் மருத்துவம் கடினமாகிறது. கடினமான மருத்துவம் வலியைத் தருகிறது. அவ்வலி முன்னைய அச்சத்தை மேலும் வளர்க்கிறது. சுழலில் அகப்பட்ட துரும்பு சுற்றிச் சுற்றி ஆழத்திற்குச் செல்வதுபோல, அஞ்சினவர் மேலும் மேலும் அஞ்சுவர். பெருந்தொற்று இச்சுழலின் விரைவை மிகுவித்தது.

இங்கிலாந்தில் பல் மருத்துவமனைகள் மூடிக்கிடந்த காலத்தில், வலி பொறுக்கமாட்டாது தம் பல்லைத் தாமே பிடுங்கிக்கொண்டவரைப் பற்றி அந்நாட்டுச் செய்தித்தாள்கள் எழுதின. பல்லைத் தொட்டு மருத்துவம் செய்ய இயலாமையால், மருத்துவர்கள் தொலைபேசி வழியே நோயைக் கேட்டு மருந்து எழுதித் தந்தனர். அதன் பயனாக, 2020 ஏப்பிரல் முதல் சூலை வரையில் அங்குப் பல் மருத்துவத்தில் வழங்கப்பட்ட கிருமிக்கொல்லி மருந்துகள், முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட 25 விழுக்காடு மிகுந்தன. கிருமிக்கொல்லி மருந்து சீழைச் சிறிது அடக்கும், சொத்தையை அடைக்காது. அன்றியும், அதனை வேண்டாத இடத்தில் பயன்படுத்தினால் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கும் வலிமை பெற்றுவிடும். பின்னர் உண்மையாகவே தேவைப்படும்போது மருந்து பயனற்றுப் போகும்.

கவலை பல்லின் நலத்தை நேரே கெடுப்பதும் உண்டு. மனக்கலக்கம் உடையவர் உறக்கத்தில் தம்மை அறியாமலே பல்லை நறநறவெனக் கடிப்பர். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் தம் உறுப்பினரைக் கேட்டபோது, பத்து மருத்துவருள் எழுவர், பல்லைக் கடிப்போர் தொகை பெருந்தொற்றுக்கு முன்பு இருந்ததைவிட மிகுந்துவிட்டது என்றனர். விரிந்த பற்களும் உடைந்த பற்களும் மிகுந்தன என்றும் பலர் கூறினர். நோய்க்கிருமி தீண்டாத வீட்டிலும் அதன் அச்சம் புகுந்து பற்களை உடைத்தது என்னலாம்.

இனி, நம் நாட்டில் நிகழ்ந்ததைக் காண்போம். 2021ஆம் ஆண்டில் நோயின் இரண்டாம் அலை எழுந்தபோது, கருப்புப் பூஞ்சை என்று மக்கள் வழங்கிய மற்றொரு நோயும் உடன் தோன்றியது. நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவரையும், ஸ்டீராய்டு மருந்தை மிகுதியாக உட்கொண்டவரையும் அது பெரிதும் பற்றியது. மூக்கின் பக்கத்து எலும்பறைகளில் தொடங்கி மேல்தாடையையும் கண்ணையும் அழிக்கவல்ல அந்நோய், சிலருக்குப் பல் ஆட்டமாகவும், மேலண்ணத்தில் கருமையாகவும் முதலில் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அதனை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. அறிகுறி தோன்றியவுடன் பல் மருத்துவரை அணுகியோர் விரைவில் நோய் அறியப்பெற்று மருத்துவம் பெற்றனர். இங்கு அச்சம் தக்க காவலாயிற்று. ஆனால், கோவிட் நோயே வாராதவரும், நீரிழிவு இல்லாதவரும் சிறிய ஈறு வீக்கத்தைக் கண்டு உறக்கம் இழந்தால், அவ்வச்சம் தேவையற்றது. ஒரே செய்தி ஒருவருக்கு உயிர்காக்கும் மருந்தும், மற்றொருவர்க்கு வீண் துன்பமும் ஆதல் காண்க.

அப்படியாயின், பல் மருத்துவமனை மக்கள் அஞ்சிய அளவிற்கு ஆபத்தான இடந்தானா? ஆராய்ச்சியாளர் இதனை ஆராய்ந்தனர். அமெரிக்க நாட்டில் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட பல் மருத்துவரைக் கொண்டு 2020 சூனில் நடந்த ஆய்வு ஒன்றில், நோயுற்றிருந்தோர் நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவு என மதிப்பிடப்பட்டது. அம்மருத்துவர்களுள் ஏறத்தாழ எல்லாரும் தொற்றுத்தடுப்பு முறைகளைப் பின்பற்றியவர்கள். 2021ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழக அறிஞர்கள், பல் குடையும்போது பறக்கும் துளிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். அத்துளிகளில் இருந்தவை பெரும்பாலும் கருவியின் வழியே பீச்சப்பட்ட நீரிலிருந்து வந்தவை என்பதும், நோயாளியின் உமிழ்நீரிலிருந்து வந்தவை மிகச் சிறிய பகுதியே என்பதும் புலனாயின. புகைபோல் எழுந்து மக்களை அச்சுறுத்தியது பெரும்பாலும் நீரே!

இதனால் பாதுகாப்பு வேண்டா என்று கருதிவிடலாகாது. பாதுகாப்பினாலேயே ஆபத்து குறைந்தது. மருத்துவர்கள் இறுக்கமான முகக்கவசமும் முகத்திரையும் அணிந்தனர், துளிகளை உடனுக்குடன் இழுத்துக்கொள்ளும் உறிஞ்சு கருவியைப் பயன்படுத்தினர், மருத்துவம் செய்யும் பல்லைத் தவிர ஏனையவற்றை இரப்பர்த் திரையால் மறைத்தனர், சாளரங்களைத் திறந்துவைத்தனர், ஒருவர்க்குப் பின் ஒருவர் வர நேரம் குறித்தனர். இங்கிலாந்தில் ஒருவர்க்கு மருத்துவம் செய்து முடித்தபின், தொடக்கத்தில் 60 நிமிடம் வரை அவ்வறையை வெறுமையாக விட்டுவைத்தனர். உழவர் நிலத்தை ஒரு பருவம் தரிசாக விட்டுவைப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லையே அக்காலத்திற்கும் பெயராக வைத்தனர். நிலம் ஓய்வால் வளம் பெறுவதுபோல, அறையின் காற்றும் ஓய்வால் தூய்மை பெறும் என்பது கருத்து.

எனினும், கருவிகளால் மட்டும் நோயாளியின் அச்சம் தீர்ந்துவிடவில்லை. செய்யப்போவது யாது, எதற்காகச் செய்யப்படுகிறது என மருத்துவர் முன்னரே எடுத்துரைத்தபோது அச்சம் தணிந்தது. பொறுக்க இயலாவிடின் இடக்கையை உயர்த்துக, உடனே நிறுத்திவிடுவேன் என்று கூறுவது பல் மருத்துவர் கையாளும் எளிய முறை. கையை உயர்த்தும் உரிமை தமக்கு உண்டு என்னும் எண்ணமே பலர்க்குத் துணிவைத் தரும். பெரும்பாலோர்க்கு அதனைப் பயன்படுத்தும் தேவையே நேராது. அறியாமை இருளில் வளர்வது அச்சம். விளக்கம் என்னும் ஒளி பட்டதும் அது சுருங்கிவிடும்.

மாணவர்களே! 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட் நோயைப் பற்றிய நெருக்கடிநிலை முடிவுற்றது என அறிவித்தது. நோய் முற்றிலும் மறையவில்லை, நெருக்கடி நீங்கியது. அத்தகைய காலம் மீண்டும் வாராதிருக்கட்டும். வருமாயின், நீவிர் எவ்வாறு நடத்தல் வேண்டும்? முதலாவதாக, அரசும் மருத்துவரும் கூறும் பாதுகாப்பை ஒழுங்காகப் பின்பற்றுக. இரண்டாவதாக, யார் கூறினார் என்று அறியாத செய்தியை நம்பிக் கலங்கற்க. அதனைப் பிறர்க்குப் பரப்பவும் செய்யற்க. மூன்றாவதாக, உடலில் ஒரு குறை தோன்றின் பெற்றோரிடம் மறையாது கூறுக. மருத்துவரைத் தொலைபேசியிலேனும் கேட்டு, உடனே செல்ல வேண்டுமா, பொறுத்துச் செல்லலாமா எனத் தெளிக. முகமோ கழுத்தோ வீங்கினும், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டாலும் ஒரு நாழிகையும் தாழ்த்தாது மருத்துவமனை செல்க. நான்காவதாக, காலையும் இரவும் பல் துலக்குதலையும், உண்டபின் வாய் கொப்பளித்தலையும் மறவாதீர். மருத்துவமனைகள் மூடிக்கிடக்கும் காலத்தும், நும் பற்களைக் காக்கும் மருத்துவர் நீவிரே ஆவீர்.

நும் வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ பல்வலியை மறைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கூறி, சோற்றைக் கரைத்துக் குடிப்பதைக் காணின் அவர்களை எள்ளி நகையாடற்க. அருகிருந்து, அஞ்சுவது எதற்கு என அன்போடு வினவுக. உடன் செல்வேன் எனக் கூறி அழைத்துச் செல்க. அஞ்சுபவர்க்கு அறிவுரை கூறுவோர் பலர். துணை வருவோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக நீவிர் விளங்குவீராக!

வினாக்கள்

1. அச்சம் பிறக்கும் களங்களாகத் தொல்காப்பியனார் கூறுவன யாவை? அவற்றுள் எதனோடு கொரோனா வைரசு ஒப்பிடப்படுகிறது? ஏன்?

2. பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் பல் மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சியதற்குரிய காரணங்களை எழுதுக.

3. சொத்தைப் பல்லின் வலி நின்றுவிடுவது எப்பொழுதும் நன்மைக்கு அறிகுறி ஆகுமா? விளக்குக.

4. பல்லைக் குறித்த அச்சம் சுழல்போன்றது எனப்படுவது ஏன்?

5. காக்கும் அச்சம், கெடுக்கும் அச்சம் ஆகியவற்றிற்கு நும் வாழ்விலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தந்து ஒரு கட்டுரை வரைக.